கைக்கு வேலை, காதுக்குக் கதை
(தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



“கதை கேட்டு அழ நேரமிருக்கிறது, சங்கக் கூட்டத்துக்கு வர நேரமில்லையா?” என்று நம் தோழர்களே வீட்டுப் பெண்களைக் கேலி பேசுகிறார்கள். இந்தக் கேலி நியாயமா?

சிவகாசி, சாத்தூர் கிராமங்களிலே தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும் பட்டாசுக் குழாய் சுருட்டுகிறவளுக்கும் கூலி எண்ணிக்கைக்குத்தான். கை நின்றால் கூலியும் நிற்கும். கண்ணும் வேலையிலே இருக்கிறது. மிச்சம் காது ஒன்றுதான்! இலங்கை வானொலி நம் தென் மாவட்டங்களில் ஒலித்த காலத்தில், 1970-களில், சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடர் நாடகம் அதில் வந்தது. வேலை செய்தபடியே கேட்க ரேடியோவை விட்டால் வேறு எது இருந்தது?

இந்தக் காதின் அருமையை முதலாளி நமக்கு முன்பே கண்டுகொண்டான். 1930-களில் அமெரிக்கச் சோப்புக் கம்பெனிகள், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக ரேடியோத் தொடர்களை நடத்தின. நாளை என்ன ஆகுமோ என்று ஏங்க வைத்து, இடையிலே சோப்பு விற்றார்கள். ‘சோப்பு நாடகம்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

கேட்டவர்கள் ஏமாளிகளா? ஹெர்த்தா ஹெர்சாக் என்ற ஆராய்ச்சியாளர் நியூயார்க் வட்டாரத்தில் 100 பெண்களை விசாரித்து 1941-ல் எழுதினார். மனப்பாரம் இறங்கவும், கிட்டாத வாழ்வைக் கற்பனையில் காணவும், குடும்பச் சிக்கலுக்கு வழி அறியவும் அவர்கள் கேட்டார்கள்.

நம் நாட்டிலும் 1996-97-ல் அகில இந்திய வானொலி ‘தின்கா தின்கா சுக்’ என்ற இந்தித் தொடரை ஒலிபரப்பியது. அதில் ஒரு பெண் வரதட்சணைக் கொடுமைக்குப் பலியாகிறாள். அதைக் கேட்ட உத்தரப் பிரதேசத்து லுட்சான் கிராமத்தார் 184 பேர், வரதட்சணை வாங்கோம், கொடோம் என்று கையெழுத்திட்டு வானொலிக்குக் கடிதம் அனுப்பினார்கள். கையெழுத்தால் மட்டும் கொடுமை ஒழியாது. ஆனால் தனித்தனியே அழுதவர்கள் கூடிப் பேசினார்களே, அதுவல்லவா முக்கியம்!

காதை நாமே ஆண்ட வரலாறும் உண்டு. 1865-ல் ஹவானா சுருட்டுத் தொழிலாளர், தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்து, ஆலையில் உரக்கப் படிக்க ஆள் வைத்தார்கள். மறு வருஷமே ஸ்பானிய அரசு தடை போட்டது. கண்ணூர் பீடித் தொழிலாளரில் ஒருவர் பத்திரிகை படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கை முதலாளியின் வேலையில் இருந்தது. காது வர்க்கத்தின் பக்கம் இருந்தது!

இன்று ரேடியோ இருந்த இடத்தில் டி.வி.யும் செல்போனும் வந்துவிட்டன. எண்ணிக்கைக் கூலி மாறவில்லை. ஆகவே தோழர்களே, கேலியை விடுங்கள். அடுப்பு எரிகிற நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். அவள் பெட்டி ஒட்டும் திண்ணைக்கே போங்கள். “நேற்றுக் கதையில் அந்தப் பெண்ணுக்கு நடந்தது நியாயமா?” என்று கேளுங்கள். முதலில் கதையைச் சொல்லுவாள். பிறகு தன் வீட்டைச் சொல்லுவாள். அதன் பிறகு தன் கூலியைச் சொல்லுவாள். அன்று கேட்க வேண்டியது நம் காது!