காம்பராவுக்கு வருகிற எறும்பு எது?

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு எறும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க. லயங்களுக்கு வரும்போது சில வீடுகளில் மலைக்கு அடிக்கிற மருந்தை சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருப்பதை நாங்கள் பார்க்கிறோம். கேட்டால், "எறும்புக்குத்தாங்க ஐயா" என்பார்கள். எறும்பு தின்பது ஒரு கரண்டி சீனி. அந்தப் போத்தல் ஒரு பிள்ளையையே கொண்டு போய்விடும். தவழுகிற பிள்ளைக்கு சோடாவும் மருந்தும் ஒன்றுதானே.

ஆகவே அடிப்பதற்கு முன்னால், வந்திருப்பது எந்த எறும்பு என்று பார்க்கப் பழகுவோம்.

சீனி டின்னில் மொய்க்கிற பொடி எறும்பைக் கிட்டவைத்துப் பாருங்க. தலை கறுப்பாகவும் வயிறும் காலும் வெளிறியும் இருந்தால், ஒன்றை விரலால் நசுக்கி மோந்து பாருங்க, ஊசிப்போன தேங்காய் மாதிரி நாறும். இது கடித்துத் துன்பப்படுத்தாது. சுவர் வெடிப்பு, சாமிப் படத்தின் பின்பக்கம், அடுக்கிய துணி, எங்கே இடம் கிடைத்தாலும் குடியிருக்கும். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து அடித்தால் வெளியே நடக்கிறவை சாகும், உள்ளே இருக்கிற ராணிகள் ஆளுக்கொரு பக்கம் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும். ஒரு கூடு நாலு கூடாகும். "அடிக்க அடிக்கக் கூடுது" என்று நீங்கள் சொல்வது உண்மைதான்.

நீளக் கால்களோடு கோணல்மாணலாக ஓடுகிற கறுப்பு எறும்பைப் பெரியவர்கள் சாமி எறும்பு என்பார்கள். அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லை. சாப்பாட்டை மூடி வைத்தால் போதும்.

இராத்திரியில் வருகிற பெரிய கட்டெறும்பு நன்றாகக் கடிக்கும். ஆனால் அது மரத்தைத் தின்னாது, ஈரத்தில் உளுத்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும். கூரை மரத்துக்குக் கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தால் அங்கே கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம். எறும்பைத் திட்டாமல் ஆபீஸில் சொல்லுங்க.

நாங்கள் பயப்படுவது நெருப்பெறும்புக்குத்தான். சிவந்த நிறம், ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரிய தலையுள்ளதுமாகக் கலந்திருக்கும். வெயில் படுகிற மண்ணில், கான் ஓரத்தில் புற்று வைக்கும். இது வாலால் கொட்டும், எரியும், பிறகு கொப்புளம் வரும். சேலைத் தொட்டிலில் பால் சிந்தியிருந்தால் கயிறு வழியாக இறங்கி வரும். தொட்டில் துணியைத் தினமும் மாற்றுங்க. பிள்ளையைப் போடுமுன் கயிற்றையும் துணியையும் உதறிப் பாருங்க. தொட்டிலைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றுவது வேணாம், பக்கத்தில்தானே அடுப்பு எரிகிறது. கடையில் விற்கிற எறும்புச் சோக்கும் விஷம்தான். பள்ளிச் சோக் என்று நினைத்து பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? எறும்பு வாசனையால் பாதை போட்டு நடக்கிறது. முதலில் வந்தது வாசனையைத் தடவிவிட்டுப் போக, மற்றதெல்லாம் அதைப் பிடித்து வரும். (எறும்புக் கூட்டிலும் உழைக்கிறது முழுக்கப் பெண்கள்தான். கொழுந்தெடுக்கிற உங்களுக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.) பாதையைப் பின்தொடர்ந்து அது புறப்படுகிற ஓட்டையைக் கண்டுபிடியுங்க. பாதையை சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிட்டு, ஓட்டையைச் சீமெந்தாலோ களிமண்ணாலோ அடையுங்க. 2022 நெருக்கடியில் சீனியும் பால்மாவும் விற்ற விலை யாருக்கும் மறக்காது. அவற்றை இறுக்கமான டின்னில் போட்டு, டின்னைத் தண்ணீர்த் தட்டில் வையுங்க. தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்தால் எறும்பு மிதந்து கடக்க முடியாது. இரண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணீரை மாற்றாவிட்டால் நுளம்பு வந்துவிடும்.

இன்னொன்று. மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சீனி வியாதி என்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேணாம், சும்மா விடவும் வேணாம். கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்க.

எறும்பு கொட்டினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரத்துணி வையுங்க. சொறிய விடாதீங்க. ஆனால் உடம்பு முழுக்கத் தடித்து, உதடோ முகமோ வீங்கி, மூச்சு இழுத்தால் தைலம் தேய்த்துக்கொண்டு நேரம் போக்கக்கூடாது. சிலருக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்தாகும். உடனே 1990 இலக்கத்துக்கு அடியுங்க. சுவசெரிய அம்பியுலன்சுக்குக் காசு இல்லை. தோட்டப் பெயர், டிவிஷன், லயத்து நம்பர் மூன்றையும் சொல்லுங்க. வண்டி ஏறமுடியாத பாதை என்றால் ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்க.