மரத்தில் எழுந்த மாளிகை கூறும் பாடம்

(மதுரை வில்லாபுரத்தில் கூடிய சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊரில் ஒரு பழைய சாவடியோ ஓட்டு வீடோ சற்றுச் சாய்ந்துவிட்டால், "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே" என்ற பேச்சு உடனே எழுகிறது. புதுக் கட்டடம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆயினும், இடிப்பதற்கு முன் எதை இழக்கிறோம் என்று கணக்கிடுவது நம் கடமை. அதற்கு உதவியாக ஒரு மர மாளிகையின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில், வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. கல்குளம் என்பது அவ்வூரின் பழைய பெயர். இப்போதுள்ள பகுதிகளுள் மிகத் தொன்மையானது தாய்க் கொட்டாரம். அது ஏறத்தாழ 1550ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் இவ்வரண்மனையைப் பெரிதாக்கிப் புதுப்பித்தார். 1750இல் தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தவர் அவர். ஊரின் பெயரும் அச்சுவாமியின் பெயரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நிலம் நம் மாநிலத்தில் இருந்தாலும், அரண்மனையைப் பேணி வருவது கேரளத் தொல்லியல் துறையே. எல்லைக் கோடு மாறியும் பராமரிப்பு நிற்கவில்லை என்பதை இங்குக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இனி, அதன் அமைப்பைப் பார்ப்போம். தேக்கு, ஈட்டி, பலா முதலிய மரங்களே அங்கு முதன்மை. தாய்க் கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலா மரத்தில் கடைந்து செதுக்கிய தூண் ஒன்று உள்ளது. பூமுகம் எனப்படும் வாயில் மண்டபத்தின் மேற்கூரையில் 90 வகை மலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே வேளையில் உணவருந்த இடமுண்டு. மந்திரசாலையின் கருந்தரை கண்ணாடி போல் மின்னுகிறது. சுண்ணாம்பு, சுட்ட கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த தரை அது என்கிறார்கள். இவற்றுள் எதுவும் ஓர் உழவர் வீட்டிற்குப் புதுமையான பொருளன்று. பலா மரமும் கொட்டாங்கச்சியும் சுண்ணாம்பும் நாம் அறிந்தவையே. அவற்றைக் கையாண்ட கைத்திறனே பெரிது.

அழகைக் காட்டிலும் அறிவு நமக்கு முக்கியம். அப்பகுதி இரு பருவமழைகளையும் பெறுவது. ஆகவே கூரையைச் செங்குத்தாகச் சரித்து, இறவாரத்தை நன்றாக இறக்கியிருக்கிறார்கள். மழைநீர் நிற்காமல் வழிந்து ஓடுகிறது. சாரல் சுவரைத் தொடுவதில்லை. மரத்தூண்களை மண்ணில் நடாமல் கல்லின் மீது நிறுத்துவது அந்நாட்டுத் தச்சு முறை. ஈரமும் கறையானும் எளிதில் ஏறாமலிருக்க இஃது உதவும். மர அழிகளின் வழியே காற்றும் மெல்லிய ஒளியும் உள்ளே வருகின்றன. கைமரங்களை இணைப்பு வெட்டியும் மரமுளை அடித்தும் பொருத்துவதால், பழுதான ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற முடிகிறது.

பருவமழையோடு வாழும் பிற நாட்டாரும் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். தாய்லாந்தின் பழைய தேக்கு வீடுகள் உயர்ந்த தூண்களின் மேல் நிற்பவை. சுவர்களைத் தனித்தனிப் பலகைத் தொகுதிகளாகச் செய்து பொருத்துவதால், வீட்டைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம். ஜிம் தாம்சன் என்ற பட்டு வணிகர் இத்தகைய 6 பழைய வீடுகளைக் கொணர்ந்து, 1959இல் பாங்காக்கில் ஒரே இல்லமாக அமைத்தார். அவ்வில்லம் இன்று காட்சியகமாக விளங்குகிறது. நம் மாநிலத்திலும் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திரத்தில், தென்னாட்டுப் பழைய வீடுகள் பிரித்துக் கொணரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன.

"அது மழை நாடு, நம் மதுரைச் சீமை வறண்ட பூமி ஆயிற்றே" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நம் சமவெளியில் பெருமரம் அரிது. ஆகவேதான் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலைச் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் கட்டினார்கள். நம் கிராம வீடுகளுக்கோ வைரம் பாய்ந்த பனங்கைகளும் நாட்டு ஓடும் துணை நின்றன. அந்தந்த மண் கொடுத்ததைக் கொண்டு கட்டுவதே முன்னோர் கண்ட வழி. ஆனால் அந்த மகாலில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கே என்று மதிப்பிடுகிறார்கள். பின்னாளில் பகுதிகள் பிரித்தெடுக்கப்பட்டன. கவனிப்பாரின்றிச் சிதைந்தவையும் உண்டு. கல்லும் காரையும் சேர்ந்த கட்டடம் குறைந்துபோயிற்று. மரமும் ஓடும் சேர்ந்த மாளிகை நிலைத்து நிற்கிறது. ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பின் வலிமையை இதனினும் தெளிவாக யார் கூற இயலும்?

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய சாவடியை இடிக்கத் தீர்மானம் வந்தது. ஊர்ப் பெரியவர்களோடும் ஒரு தச்சரோடும் சென்று பார்த்தோம். தச்சர் ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புக் கம்பியால் குத்திச் சோதித்தார். ஓடு சரிந்து மழை ஒழுகிய இடத்தில் இரண்டு பனங்கைகள் மட்டுமே மக்கியிருந்தன. மற்றவை உறுதியாக இருந்தன. அவ்விரண்டையும் மாற்றி ஓடு வேய்ந்ததும், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களுக்கு நிழலும், முதியவர்களுக்கு அமர இடமும் முன்போலக் கிடைத்தன.

ஆதலால் உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஊர்ப் பொதுவில் உள்ள பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு, கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். இரண்டாவது, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கூரை ஏறி, உடைந்த ஓட்டை மாற்றுங்கள். தூணடியில் மண் குவியவும் நீர் தேங்கவும் விடாதீர்கள். மூன்றாவது, இடிக்கத் தீர்மானிக்கும் முன் தேர்ந்த தச்சரையும் பொறியாளரையும் ஒருசேர அழைத்துக் காட்டுங்கள். உயிருக்கு ஆபத்தான கட்டடமாயின் தயங்காமல் அகற்றத்தான் வேண்டும்; அப்போதும் நல்ல மரத்தை விறகு விலைக்கு விட்டுவிடாதீர்கள். நான்காவது, கண்மாய்க்கரையில் பனை விதையும், வீட்டுக் கொல்லையில் வேம்பும் ஊன்றுங்கள். இன்று ஊன்றும் பனை வைரம் பாய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். ஆகவே தாமதிக்க நேரமில்லை.

பத்மநாபபுரத்தை எழுப்பியவர் அரசர். ஆனால் அதை இன்றுவரை நிற்க வைத்திருப்பது, உடைந்த ஓட்டை உரிய காலத்தில் மாற்றும் கைகளே. அத்தகைய கைகள் நம் ஊர்களிலும் உண்டு. அவற்றிற்கு வேலை கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.