இதயத்திற்கும் ஒரு மண்டலம் வேண்டும்

(தைப்பூச விரதத் தொடக்க நாளன்று ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடியேன் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். அந்த ஆறாண்டுத் தமிழே இன்று உங்கள் முன் நிற்கும் துணிவைத் தந்திருக்கிறது. "நீங்கள் நோயுற்று மீண்ட கதையை விரதம் தொடங்கும் நாளில் சொல்லுங்கள், காவடி எடுப்போர் பலர் வந்திருப்பார்கள்" என்று தலைவர் அவர்கள் பணித்தார்கள். அவர்களது சொல்லைத் தட்ட இயலாமல் வந்து நிற்கிறேன்.

எனக்கு இப்போது வயது 46. சிறுவயதில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது என் தாயார் முருகப் பெருமானிடம் வேண்டிக்கொண்டார்கள். அந்த நேர்த்திக்கடனை 21 வயதில் ஏற்றேன். பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் அலகு குத்திக் காவடி சுமந்து பத்துமலையின் 272 படிகளையும் ஏறி வந்தேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னர் எனக்குப் பகையாயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தைப்பூசத்தன்று, படிகளில் பாதி ஏறியதும் நெஞ்சுக்குள் ஏதோ சிறகடிப்பது போன்ற உணர்வு தோன்றியது. மூச்சு வாங்கியது. விரதக் களைப்பு என்று எண்ணி ஏறி முடித்தேன். அதன் பின்னர் இரவு நேரங்களில் அது அடிக்கடி வந்தது. ஒரு மருந்தகத்தில் வாயுத் தொல்லை என்றார்கள். நானும் அதையே நம்ப விரும்பினேன். பல மாதங்கள் கழித்து, படபடப்பு இருக்கும்போதே எடுத்த இதய மின்பதிவில்தான் நோயின் பெயர் தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நோய்.

அன்பர்களே! நமது ஆலயத்தில் தவில் முழங்கும்போது, ஒருவர் கையில் தாளம் இருக்கும். அவர் காட்டும் அளவுக்கே மற்றவர் வாசிப்பர். நமது இதயத்தின் வலது மேலறையிலும் அத்தகைய தாளக்காரர் ஒருவர் இருக்கிறார். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்பும் ஒரு சிறு திசுத் தொகுதி அது. இந்நோயில், நூறு பேர் ஆளுக்கொரு தாளத்தைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மேலறையில் நிமிடத்திற்கு 350க்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற மின்துடிப்புகள் எழுகின்றன. அவற்றுள் சிலவே கீழறைகளுக்குச் செல்வதால் நாடி முறையின்றித் துடிக்கிறது.

படபடப்பு மட்டுமே என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நடுங்கும் மேலறையிலிருந்து இரத்தம் முழுவதுமாக வெளியேறுவதில்லை. இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை போன்ற பகுதி உண்டு. அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என மருத்துவ உலகம் கூறுகிறது. ஆகவேதான் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். எனக்கும் தந்தார்கள்.

இனி, நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். அதைச் சொல்லவே வந்தேன்.

அடுத்த தைப்பூசம் வந்தது. இரத்தம் உறையாத மருந்தை உண்டு அலகு குத்தினால் குருதி நிற்காதே என்று அஞ்சினேன். மருத்துவரைக் கேட்டால் காவடியே கூடாது என்பார் என்றும் அஞ்சினேன். ஆதலால் எவரிடமும் சொல்லாமல், விரதத்தின் ஐந்தாம் நாள் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். முருகன் பார்த்துக்கொள்வான் என்று மனத்துக்குச் சமாதானம் கூறிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலை, கையிலிருந்த தேநீர்க் குவளை நழுவி விழுந்தது. இடக்கை என் சொல்லைக் கேட்கவில்லை. என் துணைவியாரைக் கூப்பிட்டேன், வாய் குழறியது. அவர் சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அரை மணி நேரத்தில் கையும் பேச்சும் திரும்பின. மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு, இறையருளால் தானே விலகியது என்றார்கள். அவ்வாண்டுத் தைப்பூசத்தை மருத்துவமனைக் கட்டிலில் கழித்தேன்.

என் தாயார் வந்தார்கள். கண்ணீர் விடுவார்கள் என எதிர்பார்த்தேன். அவர்களோ கோபத்தோடு, "ஐயா, நீ உயிரோடு இருக்கணும்னுதானே நான் அவனை வேண்டினேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவன் கேட்டானா?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் எனக்கு அப்லேஷன் என்னும் சிகிச்சை செய்தார்கள். நெஞ்சைத் திறக்கும் அறுவை அன்று. தொடையும் வயிறும் சேருமிடத்தில் உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாய்களை இதயத்திற்குள் செலுத்துகிறார்கள். பிரான்சு நாட்டின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் ஒரு பேருண்மையை வெளியிட்டார்கள். இந்நோயைத் தூண்டும் தவறான துடிப்புகளில் பெரும்பாலானவை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நான்கு இரத்தக் குழாய்களின் உள்ளேயிருந்தே புறப்படுகின்றன என்பதே அது. ஆகவே அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ தழும்பை உண்டாக்குகிறார்கள். அண்மைக் காலத்தில் மின்புல அதிர்வைக் கொண்டும் செய்கிறார்கள். தழும்பைத் தாண்டி மின்துடிப்பு செல்லாது. கலகக்காரர் வெளியே நிற்க, தாளக்காரர் தம் பணியைத் தொடர்வார்.

சிகிச்சை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. மறுநாள் வீடு திரும்பினேன். அன்றே குணமாகிவிட்டேன் என்று எண்ணினேன். அதுதான் என் இரண்டாவது அறியாமை.

முதல் வாரம் தொடையில் கன்றிய நீலநிறம் முழங்கால்வரை பரவியது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் நெஞ்சு வலித்தது. பளு தூக்காதே, குந்தி உட்காராதே என்றார்கள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, ஆலயத்திற்கு வந்தேன். அன்னதான அரிசி மூட்டையை இறக்க ஆள் தேடினார்கள். இருபது ஆண்டுகளாக அதை இறக்கியவன் தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தோப்புக்கரணமும் போடவில்லை, வீழ்ந்தும் வணங்கவில்லை. பிள்ளையாரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் மாடியில் உள்ள வீட்டிற்குப் படியேற நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது.

இருபதாம் நாள் இரவு, அதே சிறகடிப்பு மீண்டும் வந்தது. இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. இருளில் கட்டிலில் அமர்ந்து, "இத்தனை செய்தும் பயனில்லையே" என்று முருகனிடம் சினந்துகொண்டேன். பூசையறைக்கு மூன்று நாள் செல்லவில்லை. இதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசினேன். அங்கிருந்த தாதியர் பொறுமையாக விளக்கினார். இதயத்தினுள் புண் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை அது எரிச்சல் கொண்டு தாளம் தவறுவது பலருக்கும் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதங்களில் வரும் படபடப்பைக் கொண்டு சிகிச்சை தோற்றது என்று முடிவு செய்வதில்லை என்றார். ஆனால் மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போதுதான் நமது ஆலயக் கும்பாபிஷேகம் நினைவுக்கு வந்தது. கலசத்தில் நீர் வார்த்த அன்றே நாம் பணி முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடவில்லையே! 48 நாள் மண்டலாபிஷேகம் நடத்தினோம். நாள் தவறாமல் பூசை செய்தோம். கல்லால் எழுப்பிய கோயிலுக்கே ஒரு மண்டலம் தேவைப்படும்போது, தசையாலான இதயத்திற்கு வேண்டாமா? அதற்கு ஒரு மண்டலமும் போதாது. இரண்டு மண்டலம்கூட ஆகலாம்.

அறுபத்து மூவருள் ஒருவராகிய பூசலார் நாயனாரை நீங்கள் அறிவீர்கள். திருநின்றவூரில் பொருளில்லாத அவ்வடியார் தம் நெஞ்சத்திலேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பினார். காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்த அதே நாளில் இவரும் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தார். இறைவனோ அரசன் கனவில் தோன்றி, உன் நாளை மாற்றிக்கொள் என்று பணித்தான். இதை நாம் பக்தியின் பெருமையாகக் கேட்டிருக்கிறோம். நோயில் கிடந்த எனக்கு வேறொன்றும் தோன்றியது. நினைத்த மாத்திரத்தில் முடித்துவிடக்கூடிய மனக்கோயிலைக்கூட அவர் அடித்தளம் முதல் சிகரம்வரை முறைப்படி, நாள் எடுத்தே கட்டினார். நெஞ்சுக்குள் நடக்கும் பணிக்கு அவசரம் ஆகாது.

பின்னர் இருமுறை படபடப்பு வந்தது. நேரம் குறைந்துகொண்டே போயிற்று. மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். தாளம் சீராக இருந்தது. "இனி மாத்திரை வேண்டாம் அல்லவா?" என்று கேட்டேன். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். மாத்திரை வேண்டுமா என்பதைத் துடிப்பின் சீரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாத அறிகுறி ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்வோம் என்றார். எனக்கு ஏற்கெனவே அறிகுறி வந்துவிட்டதால் மாத்திரை தொடர்கிறது. ஆகவே, நான் முற்றிலும் குணமடைந்தேன் என்று இங்கே கூறவில்லை. இன்று என் தாளம் சரியாக இருக்கிறது என்று மட்டுமே கூறுகிறேன். சிலருக்கு இச்சிகிச்சையை மறுமுறையும் செய்ய வேண்டியிருக்கும், எனக்கும் நேரலாம்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியவையும் இருந்தன. உடல் எடையில் 9 கிலோ குறைத்தேன். எடையைக் குறைத்து அதை நிலைநிறுத்தியவர்களிடம் இந்நோய் குறைந்ததை ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகர ஆய்வொன்று 2015இல் காட்டியது. மதுவை நிறுத்தியவர்களுக்கு நோய் மீள்வது குறைந்ததை 2020இல் வெளிவந்த மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். குறட்டையை நகைப்புக்குரியதாக எண்ணியிருந்தேன்; உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இந்நோயைத் தூண்டும் என்று பின்னரே அறிந்தேன்.

விரதம் தொடங்கும் இந்நாளில் உங்களை நான் வேண்டிக்கொள்வன சில.

முதலாவது, இரத்தம் உறையாத மாத்திரை உண்போர் தாமாக அதை நிறுத்தலாகாது. அதேபோல், அந்த மாத்திரையை உண்டுகொண்டு மருத்துவரிடம் சொல்லாமல் அலகு குத்தவும் கூடாது. இரண்டும் உயிருக்கு ஊறு விளைவிக்கும். விரதத்தைப் பற்றி மருத்துவரிடம் மனம் திறந்து பேசுங்கள். எந்த வேளையில் உண்பது என்று அவர் வழி சொல்வார். வார்ஃபரின் உண்போர் விரத நாளில் திடீரென்று கீரையை அதிகமாக்கவோ அடியோடு விடவோ வேண்டாம். அளவு மாறினால் மருந்தின் வேகமும் மாறும். நாட்டு மருந்து உண்பதாயின் அதையும் தெரிவியுங்கள்.

இரண்டாவது, அப்லேஷன் செய்துகொண்டவர்க்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், விழுங்குவதில் வலி, இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதாக நேர்வதுதான், ஆயினும் மிகக் கொடியது. சென்றதும் இன்ன சிகிச்சை செய்துகொண்டேன் என்று முதலில் சொல்லுங்கள். எவருக்கேனும் முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 999ஐ அழையுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு காலம் போக்காதீர்கள்.

மூன்றாவது, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தாளம் தாறுமாறாக இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நோய் பலரிடம் எந்த உணர்வும் காட்டாமல் இருக்கும். நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம்: காவடிக்குப் பெயர் பதியும் இடத்தில் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க ஒரு மேசை போட வேண்டுகிறேன். அங்கே அமர ஆள் தேவையெனில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடந்த தைப்பூசத்தில் நான் காவடி எடுக்கவில்லை. தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் வார்த்தேன். காவடியோடு வந்த ஒருவர் என் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்கள் இவ்வாண்டு எடுக்கவில்லையா, அண்ணே?" என்று கேட்டார். "எடுத்திருக்கிறேன், தம்பி; உள்ளே இருக்கிறது" என்றேன். இவ்வாண்டு ஒரு சிறு பால்குடம் ஏந்த மருத்துவர் இசைந்திருக்கிறார். அலகு இல்லை. அன்று காலையும் மாத்திரையை உண்ட பின்னரே புறப்படுவேன். என் தாயார் உடன் வருவார்கள்.

எல்லாம் வல்ல முருகப் பெருமான் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற வாழ்வும் அருள வேண்டிப் பணிந்து விடைபெறுகிறேன்.

வெற்றிவேல்! வீரவேல்! வணக்கம்.