பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் பட்டியை யார் பார்ப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘கல்லூரி படித்த நம் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வேலை என்றால் டீச்சர், நர்ஸ், வங்கி, கம்ப்யூட்டர் என்றுதான் வழக்கமாகச் சொல்லுவோம். நான் இன்றைக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராணுவம். நாம பட்டாளம் என்று சொல்லுவோமே, அது. கூடவே ஒரு பட்டியைப் பற்றியும் பேசப்போகிறேன். வெளியூரிலிருந்து வந்திருக்கும் சார்மாருக்காகச் சொல்லுகிறேன், எங்க பக்கம் நாயைப் பட்டி என்றும் சொல்லுவோம். சிரிக்காதீங்க, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

பட்டாளம் நம்ம மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய் என்ற டச்சுக்காரரே பிறகு திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை இன்றைக்கும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையிலெல்லாம் போனது ஆம்பிளைப் பிள்ளைகள்தான். பொம்பிளைப் பிள்ளைகள் போவதற்கு என்ன வழி என்று நம்ம குழுக் கூட்டங்களில் அதிகம் பேசியதில்லை. அதை முதலில் சொல்லுகிறேன்.

சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. 1992 முதல் அங்கே பெண்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். நாகர்கோவிலில் ராத்திரி ரயிலேறினால் காலையில் தாம்பரம். அங்கிருந்து பரங்கிமலை பக்கம்தான். அங்கே சேர ஒரு வழி, யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு தடவை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. எந்தப் பட்டம் படித்திருந்தாலும் போதும், பி.ஏ. தமிழானாலும் சரி, பி.காம். ஆனாலும் சரி. கடைசி வருடம் படிக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. இந்த அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள்கள்தான், தலைக்கு 100 மதிப்பெண். கணக்குத் தாள் இல்லை. கணக்கைக் கண்டு பயந்து ஒதுங்கும் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்க.

எழுத்துத் தேர்வில் தேறினால், எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வு. பேச்சு, குழு வேலை, தடை தாண்டுதல், நேர்காணல் எல்லாம் அதில் வரும். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அதைத் தாண்டி மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் ஏறக்குறைய 49 வாரம் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட். முதலில் பத்து வருடப் பணி. 2020 பிப்ரவரி 17இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பெண் அதிகாரிகளும் நிரந்தரப் பணிக்குத் தகுதி பெறலாம்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து ‘சி’ சான்றிதழ் வாங்கிய பிள்ளைக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் தனி வழி இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்கு ராணுவச் செவிலியர் பணி. கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. ராணுவத்தின் நாய்கள், குதிரைகள், கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அது. மீரட்டில் அதன் மையம் இருக்கிறது. 2024இல் அந்தப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது பெண்களுக்கும் இடம் வைத்து விண்ணப்பம் கேட்டார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே இருக்கிறது. ராணுவ நாய் என்றால் விளையாட்டுக் காரியமில்லை. 2023 செப்டம்பரில் ரஜௌரியில் நடந்த சண்டையில் கென்ட் என்ற ஆறு வயதுப் பெண் நாய், தன்னை நடத்திச் சென்ற வீரரைக் காப்பாற்றி உயிரை விட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். சி.டி.எஸ். தேர்வுக்கு வயது ஏறக்குறைய 19 முதல் 25க்குள். சரியான தேதியை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளணும். அடுத்தது, பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. பட்டம் வாங்கி 21 வயதில் வெளியே வரும் பிள்ளைக்கு மூன்று, நான்கு வருடம்தான் கையில் இருக்கிறது. அதில் ஒரு வருடம் ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று போய்விட்டால் இரண்டு வாய்ப்பு போச்சு. அதுக்குள்ளே தரகர் வேற வீட்டு வாசலுக்கு வந்திருவார்.

இனி பட்டி கதைக்கு வருகிறேன். எங்க குழுவில் ஒரு தங்கச்சி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் ஏழு மணிக்குப் போனால் திரும்பி வர அந்தியாகிவிடும். வீட்டுக்காரர் இல்லை. மகள் பி.எஸ்சி. முடித்தவள், நல்ல ஓட்டக்காரி. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வயதான மாமியாரும் வீட்டில் உண்டு. மகள் பிளஸ் டூ படிக்கும்போது குட்டியாகக் கொண்டுவந்த ஒரு நாட்டுப் பட்டி, பேர் மணி. அவள் கையால் வைத்தால்தான் சாப்பிடும்.

அந்தப் பிள்ளை சி.டி.எஸ். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதுக்கு, “மணியை யாரு பாப்பா?” என்றாளாம். அவள் அம்மை குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நாங்க எல்லாரும் சிரித்தோம். எங்க குழுவில் மூத்த ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “மணி மட்டும்தானாட்டீ? வேற என்னெல்லாம் அவ பாக்கா?” என்று கேட்டார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆச்சிக்கு மூன்று நேரம் மாத்திரை, வெந்நீர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது. ரேஷன் கடை. தம்பிக்குச் சாப்பாடு. இதையெல்லாம் சொல்ல அந்தப் பிள்ளைக்கு மனசு வரவில்லை. ஆச்சி பாரம் என்று சொன்னது போல ஆகிவிடுமே! அதனால் பட்டியைச் சொல்லியிருக்கிறாள்.

அக்காமாரே, நம்ம ஊரிலிருந்து எத்தனை ஆம்பிளைப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பட்டி இருந்தது, ஆச்சி இருந்தா, பசுமாடு இருந்தது. அவனிடம் யாராவது ‘இதையெல்லாம் யாரு பாப்பா’ என்று கேட்டோமா? கேட்கவில்லை. ஏனென்றால் பார்க்க அவனுடைய அம்மையும் அக்காவும் இருந்தார்கள். இப்போது அந்த அக்காவே போகணும் என்கிறபோதுதான் நமக்குக் கேள்வி வருகிறது. கேள்வி தப்பில்லை, வேலை உண்மையிலேயே இருக்கிறது. அந்தப் பதிலைப் பிள்ளையே தேடட்டும் என்று விடுவதுதான் தப்பு.

அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம். தண்ணீரும் ரேஷனும் தம்பி பொறுப்பு. ஆச்சிக்கு மத்தியான மாத்திரை கொடுப்பது அடுத்த வீட்டு மைனி. மணிக்குக் காலையில் மைனி, ராத்திரி தம்பி. பிள்ளை எஸ்.எஸ்.பி.க்குப் போகும்போது சூட், ஷூ வாங்க ஐயாயிரம் ரூபாய் உள்கடன். எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூருக்கு ஐந்து நாள் போய் வந்தாள். அந்த நாட்களில் மணி முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மைனி வைத்த சாளை மீன் சோற்றைத் தின்றது. பிள்ளை இந்தத் தடவை தேர்வாகவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு தடவை எழுத வயது இருக்கிறது, திரும்பவும் படிக்கிறாள். நோட்டில் எழுதிய முறை அப்படியே நடக்கிறது.

பட்டி வளர்க்கிற வீட்டிலிருந்து பிள்ளை போகிறதென்றால் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. பிற்காலத்தில் அதிகாரியாகிக் குடியிருப்பு கிடைத்த பிறகு வளர்க்கிறவர்கள் உண்டு. அப்போதும் ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் தனி கூபே எடுக்கணும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூட்டில் அனுப்பணும். ஆகையால் முதல் சில வருடம் அது ஊரில்தான் இருக்கும். போகிறதுக்கு மூன்று, நான்கு மாதம் முன்னாலேயே சாப்பாடு வைக்கும் கையை மாற்றிப் பழக்குங்க. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருடா வருடம் போட்டு, அட்டையைப் பார்க்கப் போகிறவரிடம் கொடுங்க. ஜூலை 6ஐ ஒட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். சாப்பாட்டுச் செலவுக்குப் பிள்ளை மாதாமாதம் அனுப்பட்டும். அதைச் சும்மா விட்டால் மைனிக்கும் வருத்தம் வரும், பட்டிக்கும் பட்டினி வரும். கொண்டுபோய்த் தூரத்துச் சந்தையில் இறக்கிவிட்டு வருவது மட்டும் வேண்டாம். வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்க விட்டுவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூட்டமைப்பிடம் நான் மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, ஒவ்வொரு குழுவும் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் மகள்மாரின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதித் தரணும். யாருக்கு எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று தெரிந்துவிடும். இரண்டு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் பிள்ளைகளை ஒரு நாள் நாமே கூட்டிப்போகணும். மூன்று, தேர்வுக்குப் போகும் பிள்ளையின் வீட்டுச் சோலியைப் பங்கு வைப்பதைக் குழுவின் தீர்மானமாக எழுதணும். வாய்ச்சொல் நாலு நாளில் மறந்துபோகும், நோட்டில் எழுதினால் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.

பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேர்த்து வங்கிக்காரரை நம்ம வாசலுக்கு வரவைத்தவர்கள் நாம். ஒருத்தி கடனை இன்னொருத்தி ஜாமீன் நின்று அடைத்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் வீட்டு வேலைக்கு ஜாமீன் நிற்க நம்மால் முடியும்.