என்லார்ஜருக்கு எந்த விளக்கு?

எங்கள் தோட்டப் பள்ளியின் இருட்டறையில் என்லார்ஜர் பல்பு ஒருநாள் உயிரை விட்டது. பால்மரக் காட்டில் நிற்கும் ஒரு மாணவியின் பாட்டியைப் படமெடுத்த நெகட்டிவ் உள்ளே இருந்தது. அந்த லயங்களை இடித்தாயிற்று. இனி அப்படி ஒரு படம் எடுக்க முடியாது.

75 வாட் பால்வெள்ளைப் பல்பு கடையில் இல்லை. வீட்டுக் குண்டு பல்பை மாட்டினேன். அதன் உச்சியில் அச்சிட்டிருந்த எழுத்தின் நிழல் பாட்டியின் நெற்றியில் விழுந்தது! சுருள் குழாய் விளக்கோ மெல்லத்தான் பிரகாசம் கொள்ளும்; பத்து வினாடி ஒளிக்கு அது உதவாது.

பிறகு எல்.இ.டி. விளக்கு. சூடு குறைவு, ஆதலால் நெகட்டிவ் வளையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மல்டிகிரேட் தாளில் நீல ஒளி கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும். பச்சை ஒளி குறைக்கும். எல்.இ.டி. ஒளியில் நீலமும் பச்சையும் பழைய பல்பின் அளவில் இரா. ஆகவே பழைய வடிகட்டிக் கணக்கு பொருந்தாது. துண்டுத் தாளில் சோதித்தே தீரவேண்டும். நான் 2700 கெல்வின் மஞ்சள்சாயல் விளக்கை எடுத்தேன்.

நெகட்டிவ் இல்லாமல் ஒரு சாம்பல்நிறத் தாள் எடுத்துப் பாருங்கள். மூலைகள் வெளுத்திருந்தால் ஒளி சீராகப் பரவவில்லை. விளக்கை அணைத்த பின்னும் மினுக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சில விளக்குகளில் தெரியும், தாள் பாழாகும்.

மூன்றாம் தாளில் படம் தெளிந்தது. பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வீணான இரண்டு தாளையும் காட்டினேன்.

"ஏன் வாத்தியாரே, தாள் என்ன மரத்திலயா காய்க்குது?" என்றார்.