பித்தளை அண்டாவும் மண்சட்டியும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாரம்பரிய வீடுகள் பற்றிப் பேசச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் நிலமும் கூலியும் பற்றியது. கட்டடக் கலை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் ஆய்வுக்காகச் சுற்றுகிற யாரும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்காமல் வர முடியாது. போன வருடம் ஒரு ‘ஹெரிடேஜ் வாக்’கில் நானும் பணம் கட்டிக் கலந்துகொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வழிகாட்டி நன்றாகவே பேசினார். எல்லோரையும் முன்வாசலில் நிறுத்தி, ‘உள்ளே நேராகப் பாருங்கள்’ என்றார். முற்றம், அடுத்த முற்றம், அதற்கும் அப்பால் சின்னச் சதுரமாக ஒரு வெளிச்சம். அது அடுத்த தெருவில் திறக்கிற பின்வாசல். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

என் அம்மாச்சி இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு நெல் வேலைக்குப் போனவர். அவர் அந்த வெளிச்சத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர். அதுவும் பின்கட்டு வாசல் வரைக்கும்தான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, ‘உள்ளே என்ன இருக்கும் அம்மாச்சி?’ என்று கேட்டிருக்கிறேன். ‘எனக்கென்னடி தெரியும், ஏனம் பளபளன்னு வெயில்ல காயும், அதத்தான் பார்த்திருக்கேன்’ என்பார். ஏனம் என்றால் எங்கள் பக்கம் பாத்திரம்.

அந்த ஏனங்களைத்தான் இரண்டாம் கட்டில் கண்காட்சியாக அடுக்கி வைத்திருந்தார்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, செம்புத் தவலை, கடல் கடந்து வந்த எனாமல் கூஜாக்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழாவை நடத்தியவர்களில் ஒரு பெரியவர் அன்பாக வந்து, ‘எந்த ஊரும்மா?’ என்றார். சொன்னேன். ‘அங்கே எந்தப் பக்கம்?’ என்றார். அதையும் சொன்னேன். ‘அப்படியா’ என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் பேசப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை. அந்த ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வியைக் கேட்டுப் பழகிய தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், விளக்க வேண்டியதில்லை.

அந்த அண்டாவுக்குக் கீழே ‘1930கள்’ என்று ஒரு அட்டை இருந்தது. என்னை உறுத்தியது அதுதான். ஏனென்றால் அதே 1930இல், அதே மாவட்டத்தில், பாத்திரம் பற்றி ஒரு கட்டளை இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன், பின்னர் இந்தியச் சாதி பற்றி எழுதிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. இவற்றுக்கு நடுவில் ஒரு தடை: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும் என்பவை வரைக்கும் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தத் தடைகளை விதித்தவர்கள் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நகரத்தார்கள் அல்லர். அதைக் கலந்துகட்டிப் பேசுவது வரலாறு ஆகாது. நான் சொல்வது, ஒரு ‘காலத்தின்’ வீட்டு உள்ளலங்காரத்தைக் காட்டுகிறோம் என்று அட்டை எழுதினால், அந்தக் காலத்தில் பக்கத்துச் சேரியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தாலே குற்றம் என்பதும் அந்தக் காலத்தில்தான் சேரும். மீறியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் ஹட்டன் எழுதியிருக்கிறார். குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தையும் உடைமைகளையும் அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அந்த மண்சட்டிகள் ஏன் எந்தக் கண்காட்சியிலும் இல்லை என்று கேட்டால், ‘மண் உடையுமே’ என்று பதில் வரலாம். தானாக உடைந்தது எவ்வளவு, உடைக்கப்பட்டது எவ்வளவு?

பர்மா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று எல்லா வழிகாட்டிகளும் பெருமையாகச் சொல்கிறார்கள். பணமும் பெருமளவு அங்கிருந்துதான் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் அடமானம் வைத்த நிலத்தை இழந்தார்கள். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம், 1938இல் சுமார் 25 சதவீதம். 1942இல் ஜப்பான் படை வந்தது, விடுதலைக்குப் பிறகு நில நாட்டுடைமை வந்தது, அந்தச் சொத்தும் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்று விற்கிற கதவும் கூஜாவும் அந்தச் சரிவின் மிச்சம்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துக் கொஞ்சம் நிமிர்ந்திருந்த தலித் ஊர் அது. உடைக்கப்பட்டவை டிவி, மின்விசிறி, தையல் மெஷின், சைக்கிள். தானியத்தைப் பாழாக்கினார்கள், பாஸ்போர்ட்டுகளை எரித்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைத் தாக்கினார்கள். பீரோவை உடைத்து நகையை எடுத்த பிறகு கொளுத்தினார்கள். நாம் இதை ‘கலவரம்’ என்ற சொல்லில் மூடிவிடுகிறோம். உடைந்த பொருட்களின் பட்டியலை 1930 தடைப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செம்பு இருந்த இடத்தில் டிவி வந்திருக்கிறது.

‘அப்படியானால் அந்த மாளிகைகளை இடித்துவிடலாமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். எதற்கு இடிக்க வேண்டும்? அந்தத் தரையில் ஒவ்வொரு கல்லும், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி வார்த்தது. அதை வார்த்தவர் கை நம் கைதான். வீடு நிற்கட்டும், கதையைத்தான் முழுதாகச் சொல்லச் சொல்கிறேன். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியல் ஒருநாள் உறுதியானால் அரசுப் பணம் வரும், பலகைகள் வரும். அந்தப் பலகைகளில் பின்வாசல் பற்றி என்ன எழுதுவது என்று இப்போதே கேட்க வேண்டும்.

இது எங்குமே நடக்காத விஷயம் இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்ற பழைய பண்ணை 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே கதை முழுவதும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுடையது. அவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெருவில் 1863இல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பு இருக்கிறது. சுமார் 7,000 ஏழைக் குடியேறிகள் வாழ்ந்துவிட்டுப் போன கட்டடம். 1988இல் தொடங்கிய டெனமென்ட் அருங்காட்சியகம், அந்த இருட்டு அறைகளையும், அடுக்கடுக்காக உரிந்த சுவர்க் காகிதத்தையும் காட்டுகிறது. ஏழை வீட்டுக்கும் உள்ளலங்காரம் உண்டு என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

எங்கள் காலனி வீடு அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. முன்னறையில் அம்பேத்கர் படம், ஒரு நகைக்கடைக் காலண்டர், அதற்குக் கீழே எவர்சில்வர் ஸ்டாண்டு. சமைக்க நாலு பாத்திரம் போதும், அம்மா நாற்பதை அடுக்கி வைத்திருப்பார். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் துலக்கி மறுபடி ஏற்றுவார். இது என்ன வெட்டி வேலை என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஹட்டனைப் படித்த அன்றைக்கு இரவு அம்மாவுக்கு போன் செய்தேன். அந்தத் தடையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, ‘அதான் எங்கம்மா சட்டிய வித்தாலும் அந்தச் செம்ப விக்கமாட்டேன்னுச்சா’ என்றார்.

அந்தச் செம்பு இப்போது என் மாமா வீட்டில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கிற பழைய ஏனத்தில் என்ன பெயர், என்ன தேதி வெட்டியிருக்கிறது, யார் வாங்கியது, எந்தக் கூலியில் வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு மேசை போட்டு வைப்போம்.