பையன் எங்கே உட்காருவான்?



'இசையும் நட்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இசையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர் உண்டு. அதனால் நட்பு வழியாக இசைக்கு வருகிறேன். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என்னோடு வேதியியல் படித்த ஒரு நண்பன். பரம்பரையாக நாதஸ்வரம் வாசிக்கிற குடும்பம். 'அவன்' என்றே சொல்கிறேன். 'அவர்' என்றால் அவனுக்கே கோபம் வரும். இன்று முகூர்த்த நாள், மேளத்துக்குப் போய்விட்டான். வந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசியிருக்க முடியாது.

பெரம்பலூரில் என் வீட்டு மாடியறையில் பல வருடங்களாகச் சேர்ந்து பாட்டுப் பதிவு செய்கிறோம். அவன் நாதஸ்வரம், நான் கீபோர்டு. இது இரண்டும் ஒத்துப்போவது லேசான காரியமில்லை. சீவாளி புல்தட்டையில் செய்தது. ஈரம் பட்டுப் பதமாக ஆக, சுருதி கொஞ்சம் நகரும். கீபோர்டு தானாக நகராது. நாம்தான் அதில் சுருதியை நூலளவு ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே எப்போதும் நான்தான் அவன் பக்கம் போவேன். அவன் என் பக்கம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஆனால் சண்டை வந்தது சுருதிப் பெட்டியில். அவன் வைத்திருப்பது கையால் துருத்தி போடுகிற பழைய மரப்பெட்டி. நாதஸ்வரம் முழங்கும்போது துருத்திச் சத்தம் தெரியாது. ஆலாபனையில் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் 'புஸ்' என்று மைக்கில் விழும். பெங்களூரில் ராஜ் நாராயண் என்கிற புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட, 1979-லேயே மின்னணுத் தம்புராவைச் செய்துவிட்டார். இப்போது கைப்பேசியிலேயே சுருதி வருகிறது. "ஒண்ணு வாங்கித் தர்றேன்டா, காசு நீ தரவேண்டாம்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் சொன்னான்: "பெட்டி வாங்கலாம்டா. பையன் எங்க உக்காருவான்?"

இதை விளங்கிக்கொள்ள ஒத்து என்றால் என்ன என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். பார்க்க நாதஸ்வரம் மாதிரியே நீளமாக இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுரம்தான். அதை மூச்சு அறுந்துவிடாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். கற்றுக்கொள்ள வந்த பையன்கள் பலர் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் மூச்சுப் பழகினார்கள். ஊதிக்கொண்டே ராகம் கேட்டார்கள். பின்னால் ஒத்து போய்ச் சுருதிப் பெட்டி வந்தது. மூச்சுப் பயிற்சி போனாலும், துருத்தி போடப் பையன் இருந்தான். மின்பெட்டி வந்தால் அந்த இடமும் காலி. காரில் ஒரு ஆள் குறைவு, சம்பளத்தில் ஒரு பங்கு மிச்சம். கல்யாண வீட்டாருக்கு இது லாபக் கணக்குதான்.

நான் விடவில்லை. "உன் நாதஸ்வரமே புதுசுதானேடா" என்றேன். முன்பு வழங்கியது திமிரி. நீளம் குறைவு, சுருதி அதிகம். நீளமான பாரி நாதஸ்வரத்தைப் புகழ்பெறச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அதிலும் சுத்த மத்யமம் சரியாகப் பேசவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவரோடு கலந்து பேசித் துளைகளின் கணக்கைத் திருத்தி, 1955-ல் அதைச் சரியாக்கினார். அடுத்த வருடமே பிள்ளை மறைந்துவிட்டார். ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கரை வழியாகப் போய் இவன் வாங்கி வந்ததும் அதைத்தான். "ராஜரத்தினம் பிள்ளையே மாத்தினார், நீ மாத்தமாட்டியா?" என்று கேட்டேன்.

"அங்க வாத்தியம் மாறிச்சு. ஆள் குறையலையே" என்றான்.

அவன் மனதில் இருப்பது வேறு. அவன் ஊர்க் கோயிலில் அவனுடைய அப்பா மூன்று வேளையும் வாசித்த இடத்தில் இப்போது ஓர் இயந்திரம் நிற்கிறது. தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். அப்பா காலமானபின் வேறு ஆள் போடவில்லை. கரண்டு போனால் கோயிலில் சத்தமே இல்லை. அந்த இயந்திரத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், சந்தேகமில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கின்றன. படித்து வருகிற பிள்ளைக்குத் தினமும் வாசிக்க ஓர் இடம் வேண்டாமா?

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், மைக்கில் விழுகிற 'புஸ்' சத்தம் இசையில்லை என்பதுதான் இன்றுவரை என் கட்சி. ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பதிவறையில் மின்பெட்டி. கல்யாணம், கோயில் என்றால் பழைய மரப்பெட்டி. பதிவுக்கும் பையன் கட்டாயம் வருவான், அவன் பங்கும் அப்படியே உண்டு. துருத்தி போடும் வேலை இல்லாததால் கை சும்மா இருந்தது. போன பதிவில் அவன் கையில் இரண்டாவது நாதஸ்வரத்தைக் கொடுத்தோம். பல்லவியில் கூட வாசித்தான். மத்யமம் கொஞ்சம் தள்ளாடுகிறது. தை மாதம் அடுத்த பதிவு, அதற்குள் சரியாகிவிடும் என்கிறான் என் நண்பன்.